நடந்தால்தான் நாலு வயதா?

வெள்ளிக்கிழமை போட்ட சின்னப் பதிவுக்கு வந்த கொமெண்டுகளைப் பார்த்தபிறகு, விரிவாகவே எழுதிவிடுவது நல்லது என்று படுகிறது. நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். என் மகளைச் சின்னப் பிள்ளைகளின் அறைக்கு மாற்றினது பற்றி, பெற்றோர் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் டே கெயார் நிர்வாகி சொன்ன அந்த வசனம்தான்: "பிள்ளை நடக்கத் தொடங்கட்டும், பேந்து பெரிய அறைக்கு விடுவம்."

கேட்டவர்களுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாமார் தலையை வேறு ஆட்டினார்கள்.

என் மகளுக்கு நாலு வயது. அவள் இன்னும் தனியே நடப்பதில்லை. இவை இரண்டும் இரண்டு வேறு விசயங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், ஆனால் இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் ஆட்களுக்கு ஏறுகிறதில்லை. கால்தான் பிந்தியிருக்கிறது. வயது பிந்தவில்லை. வாய் பிந்தவே இல்லை, என் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

குறைமாதத்தில் பிறந்தவள். 'ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா' என்று யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் எழுதித் தந்தார்கள். மூளையில் இருந்து தசைகளுக்குப் போகிற தகவல் சரியாகப் போகாததால் இரண்டு காலும் இறுகிப்போயிருக்கும். கைகளில் பாதிப்புக் குறைவு. இப்படியான பிள்ளைகளில் நிறையப் பேருக்கு யோசிக்கிறதிலோ கதைக்கிறதிலோ ஒரு குறையும் இருக்காது. இதை டொக்டரும் சொன்னார், பிசியோ மிஸ்ஸும் சொன்னார், நானும் டே கெயாரில் சேர்த்த அன்றே சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்றார்கள்.

தையில் அவளுடைய செட் முழுக்கப் பெரிய அறைக்குப் போனது, இவளும் போனாள். கொஞ்ச நாள் சந்தோசமாக இருந்தாள். பிறகு ஒரு பின்னேரம் நான் வேலை முடிந்து கூட்டிவரப் போனால், பிள்ளை ஒன்றரை, இரண்டு வயதுக் குஞ்சுகளுக்கு நடுவில் பாயில் இருக்கிறாள். கேட்கவில்லை, சொல்லவில்லை, ஒரு போன்கூட இல்லை. "அங்க அவவுக்குச் சுகமா இருக்கும் அக்கா" என்றா அங்கே நின்ற ரீச்சர் தங்கச்சி. யாருக்குச் சுகம் என்று நான் அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

பாதுகாப்புக்காகத்தான் மாற்றினார்களாம். பெரிய பிள்ளைகள் ஓடிவந்து இடித்துவிடுவார்களாம். இதைச் சொல்கிறவர்கள் இரண்டு வயதுப் பிள்ளையைக் கிட்ட நின்று பார்த்ததில்லை போல. நாலு வயதுப் பிள்ளை முன்னால் ஆள் இருந்தால் சுற்றிப் போகும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓடத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. என் மகளின் முதுகில் ஏறி விழுந்தது, தலைமயிரைப் பிடித்து எழும்பினது, கலர் பென்சிலால் கன்னத்தில் குத்தினது எல்லாம் அந்தப் பாதுகாப்பான அறையில்தான் நடந்தது. பெரிய அறையில் ஒரு பெடியன் இவள் வருகிற நேரம் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு யாரும் பயிற்சிப்பட்டறை வைக்கவில்லை.

கிழமை இரண்டு போகவில்லை, வீட்டில் கைக்குழந்தை மாதிரி "இங்கா வேணும்" என்று பால் கேட்டாள். முழு வசனத்தில் "அம்மா, எனக்குப் பால் வேண்டாம், தேத்தண்ணிதான் வேணும், நீங்கள் குடிக்கிற மாதிரி" என்று வாதாடுகிற பிள்ளை. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளிடம்தான் பாசை படிக்கும். பக்கத்தில் மழலையை இருத்தினால் மழலைதான் வரும். இதற்குப் பட்டம் ஒன்றும் தேவையில்லை.

சரி, "ரீச்சர்மாரின் நிலைமையையும் யோசியுங்கோ" என்று எழுதியிருக்கிற தம்பிக்கு. யோசிக்கிறேன் ராசா. உங்களைவிடக் கூடவே யோசிக்கிறேன், ஏனென்றால் என் ஒன்றுவிட்ட தங்கச்சி முன்பள்ளி ஆசிரியை. வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் சம்பளம் எடுக்கிற ஆசிரியைகளும் இருக்கிறார்கள், அதே வேலைக்குச் சொற்பக் கொடுப்பனவோடு இழுபடுகிறவர்களும் இருக்கிறார்கள். தங்கச்சி இரண்டாவது வகை. பின்னேரம் வீட்டில் தையல் மெசின் மிதித்தால்தான் மாதம் ஓடும். விசேட தேவையுள்ள பிள்ளையை எப்படி இருத்துவது, எப்படித் தூக்குவது என்று அவளுக்கு யாரும் ஒழுங்காகக் காட்டிக்கொடுத்ததில்லை. எங்கள் டே கெயாரிலும் அறையில் ரீச்சர் ஒரு ஆள், உதவிக்கு ஒரு ஆள், அந்த உதவி ஆளும் பாதி நேரம் குசினியில். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் ரீச்சர்மாரில் நான் கோபப்படவில்லை. ஆனால் ஆள் பற்றாது என்றால் "ஆள் பற்றாது" என்று சொல்ல வேண்டும். அதற்கு வழி யோசிக்கலாம், பெற்றோர் நாங்கள் முறைவைத்து வந்துகூட நிற்கலாம். பற்றாக்குறையை மறைத்துவிட்டுப் பிள்ளையின் காலில் பழியைப் போடக்கூடாது.

அப்புறம், மகளுக்கென்று செய்வித்துப் பெரிய அறையில் வைத்த அந்தக் கதிரை. பிசியோ மிஸ் அளவெடுத்துத் தந்தா. பாதம் இரண்டும் நிலத்தில் அல்லது பலகையில் முட்ட வேண்டும், முழங்கால் செங்கோணமாக மடிய வேண்டும், மேசை முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். இடுப்பு ஆடாமல் நின்றால் கை தானாக வேலை செய்யுமாம். உண்மைதான். தருமபுரத்தில் ஒரு தச்சு ஐயா பழைய பலகையில் செய்து தந்தார், இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே கால் வைக்கப் பலகை. விலையைக் கேட்டதற்கு "பிள்ளை இருந்து எழுதட்டும், பேந்து பாப்பம்" என்றார். அந்தக் கதிரையில் இருந்து என் மகள் கத்தரிக்கோலால் கடதாசி வெட்டினாள். கோடு கொஞ்சம் கோணல், பரவாயில்லை. வெள்ளிக்கிழமை பெரிய அறையை எட்டிப் பார்த்தேன். கதிரையில் யாருடையதோ ஹான்ட்பாக் சொகுசாக இருந்தது. பிள்ளை சின்ன அறையில், பாயில், பின்னுக்குக் காலை மடித்து, எப்படி இருக்கக்கூடாது என்று பிசியோ மிஸ் தலைப்பாடாக அடித்துச் சொன்னாவோ அப்படி இருந்தாள்.

"சேர்த்துக்கொண்டதே பெரிய விசயம்" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறா. நன்றி அக்கா. இந்த நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வலுவிழப்பைக் காட்டி கல்வி நிறுவனத்தில் அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே பிள்ளையைச் சேர்த்தது யாரும் போட்ட பிச்சை இல்லை. உள்ளே எடுத்துவிட்டு மூலையில் இருத்துவதைச் சேர்த்துக்கொள்வது என்றும் சொல்ல மாட்டேன்.

இன்னொருவர் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையையே படமாகப் போட்டிருக்கிறார். பிள்ளைகள் எட்டு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் தனியே நடந்துவிடுவார்களாம். அண்ணை, அதை நான் என் பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போதே மனப்பாடமாக்கிவிட்டேன். இரவில் நித்திரை வராமல் போனை நோண்டிப் படித்தது. அது காலுக்கான அளவு. எந்த அறையில் இருத்துவது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

எனக்கு உண்மையில் விளங்காதது வேறு ஒன்று. இது வன்னி. 2009க்குப் பிறகு எங்கள் ஊரில் கால் இல்லாத, கை இல்லாத, உடம்புக்குள் இன்னும் ஷெல் துண்டோடு திரிகிற ஆட்கள் இல்லாத ஒழுங்கை உண்டா? என் மாமாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. கமக்காரர் அமைப்பில் தலைவராக இருந்தவர். காலபோக நெற்செய்கைக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்காக அதிகாரிகளோடு சண்டை பிடிப்பார். "ஐயா, கால் வரட்டும், பேந்து பெரியாக்களோட இருக்கலாம், இப்ப அங்கால போய்ச் சின்னப் பெடியளோட இருங்கோ" என்று யாராவது அவருக்குச் சொன்னதுண்டா? சொல்லிப் பார்க்கட்டும், ஊன்றுகோல் பறக்கும். அவருடைய கால் அவருடைய மரியாதையில் கை வைக்கவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு மட்டும் கால்தான் எல்லாமா? அவருக்குப் போரில் போனது, இவளுக்குப் பிறப்பில் வந்தது, அதனாலா? அப்படியென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

டிசம்பர் 3 வந்தால் மட்டும் எல்லாருக்கும் ஞானம் வந்துவிடும். மாற்றுத்திறனாளிகள் தினம், மாலை, மைக், உலர் உணவுப் பொதி, பொதியைப் பிடித்தபடி ஒரு படம். போன தடவை என் மகளையும் மேடைக்குத் தூக்கி வரச் சொல்லிக் கேட்டார்கள். மேடைக்குப் படிதான், சாய்தளம் இல்லை. கட்டடங்களுக்குள் போய்வரும் வசதி பற்றி 2006இல் வர்த்தமானியே வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எழும்பின எத்தனையோ புதுக் கட்டடங்களில், கல்வெட்டில் பெயர் வெட்டத் தெரிந்தவர்களுக்கு, வாசலில் சாய்தளம் போடத் தெரியவில்லை. நான் வேலை செய்கிற கந்தோரும் அதில் அடக்கம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர் "பாவம்" என்பார். காதில் விழாத மாதிரிப் போவேன். அவளுக்கு விழும். ஒருநாள் "அம்மா, பாவம் எண்டா நானா?" என்று கேட்டாள். இதற்கு உங்களில் யாரிடமாவது பதில் இருந்தால் இன்பொக்சில் போடுங்கள்.

"விசேட பாடசாலைக்கு விடலாமே" என்பவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். காலையில் பிள்ளையோடு போய், அந்த ஹான்ட்பாக்கை எடுத்துப் பவ்வியமாக மேசையில் வைத்துவிட்டு, அவளைக் கதிரையில் இருத்தப் போகிறேன். தூக்கி இறக்க ஆள் இல்லையென்றால் மத்தியானம் வரைக்கும் நானே நிற்பேன். யாரையும் ஏச மாட்டேன், சத்தம் போட மாட்டேன், இப்போதைக்கு.

எந்த டே கெயார் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம், பெயர் போட மாட்டேன். போட்டால் முதலில் வேலை போகப்போவது அறையில் நிற்கிற அந்த இரண்டு தங்கச்சிகளுக்கும்தான், நிர்வாகத்துக்கு அல்ல. அப்புறம், "பாவம் பிள்ளை" என்று எழுதிக் கைகூப்புகிற படம் போடுகிறவர்களின் கொமெண்டுகளை அழித்துக்கொண்டே இருப்பேன். பிறகு கோபிக்க வேண்டாம்.