டெக்சஸ் காற்றாலைகளைக் கட்டியது சந்தை மட்டுமல்ல

டல்லஸிலிருந்து இருபதாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் ஸ்வீட்வாட்டர் என்ற சிற்றூர் வரும். ஊரை நெருங்கும்போதே, பருத்திக் காடுகளுக்கு மேலே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள் தெரியத் தொடங்கிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து வளர்ந்த எனக்குக் காற்றாலை புதிதல்ல. ஆனால் அதே சாலையில் இன்னும் இரண்டு மணி நேரம் போனால் அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயலான பெர்மியன் படுகை வரும் என்பதும், இந்த ஊர்கள் அனைத்தும் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் ஆதரவாகப் பேசுகிற குடியரசுக் கட்சிக்கே தவறாமல் வாக்களிப்பவை என்பதும் முதல் பயணத்தில் எனக்குப் பெரும் முரணாகத் தோன்றின. இன்று டெக்சஸில் 40,000 மெகாவாட்டுக்கும் மேலான காற்றாலைகள் நிற்கின்றன. அமெரிக்காவின் வேறு எந்த மாநிலமும் அதற்கு அருகில்கூட இல்லை.

2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே டிரம்ப் காற்றாலைத் திட்டங்களுக்கான கூட்டரசின் அனுமதிகளை நிறுத்திவைத்தார். ஜூலையில் வந்த சட்டம் காற்று, சூரிய மின்சாரத்துக்கான வரிச்சலுகைகளுக்கு முடிவுநாள் குறித்தது. இதைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம், ‘அரசியல்வாதி என்ன சொன்னால் என்ன, மலிவானது ஜெயிக்கும், சந்தை பார்த்துக்கொள்ளும்’ என்ற ஆறுதல் மொழி வந்து விழுகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. டிரம்ப் தன் முதல் ஆட்சிக்காலம் முழுவதும் நிலக்கரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதும், 2016-இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தந்த நிலக்கரி 2020-இல் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வளாகத்திலேயே 90 நாள் எரிபொருள் இருப்பு வைத்திருக்கும் நிலக்கரி, அணுமின் நிலையங்களுக்குக் கூடுதல் பணம் தர வேண்டும் என்று எரிசக்தித் துறைச் செயலர் ரிக் பெர்ரி 2017-இல் கொண்டுவந்த யோசனையைக் கூட்டரசின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜனவரியில் ஒருமனதாக நிராகரித்தது. ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் நால்வர் டிரம்பே நியமித்தவர்கள்.

ஆனால் இந்தப் பெர்ரி யார் என்று கேட்டால் மீதிப் பாதிக் கதை வெளிவரும். அவர் அதற்கு முன்பு டெக்சஸ் ஆளுநர். நாட்டிலேயே பெரிய காற்றாலை மாநிலமாக டெக்சஸ் வளர்ந்தது அவருடைய ஆட்சியில்தான்.

தொடக்கம் அவருக்கும் முந்தையது. 1990-களின் இறுதியில் டெக்சஸ் மின் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்கள் சிலரைக் கூட்டி, நிபுணர்களுடன் பேசவைத்து, பேச்சுக்கு முன்னும் பின்னும் அவர்களின் கருத்தைக் கேட்டன. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கட்டணம் செலுத்தத் தயார் என்றவர்கள் 52 விழுக்காட்டிலிருந்து 84 விழுக்காடாக உயர்ந்தார்கள். 1999-இல் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட மின்சாரச் சட்டத்தில், 2009-க்குள் 2,000 மெகாவாட் புதிய மின்சாரம் இவ்வகையில் வர வேண்டும் என்ற கட்டாயம் சேர்ந்தது. அந்த இலக்கு முன்கூட்டியே எட்டப்பட்டதால் 2005-இல் பெர்ரி அதை உயர்த்திக் கையெழுத்திட்டார். 2025-க்கு என்று வைத்த 10,000 மெகாவாட் 2010-இலேயே வந்துவிட்டது.

இலக்கைவிடப் பெரிய வேலை கம்பிகள்தான். காற்று வீசுவது மேற்கில். மக்கள் இருப்பது டல்லஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோ ஆகிய கிழக்குப் பக்க நகரங்களில். காற்றாலை கட்டுபவர் மின்பாதை இல்லாமல் கட்ட மாட்டார். மின்பாதை போடுபவர் காற்றாலை இல்லாமல் போட மாட்டார். 2009-இல் மேற்கு டெக்சஸ் காற்றாலைகள் தந்திருக்கக்கூடிய மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு, கொண்டுபோக வழியில்லாமல் வீணடிக்கப்பட்டது. இந்த முடிச்சைச் சந்தை அவிழ்க்கவில்லை. மாநில அரசு அவிழ்த்தது: காற்று வளம் மிக்க மண்டலங்களைத் தானே அறிவித்து, ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவில் சுமார் 3,600 மைல் உயரழுத்த மின்பாதைகளைப் போடவைத்து, அந்தச் செலவை மாநிலத்தின் எல்லா நுகர்வோர் கட்டணத்திலும் பங்கிட்டது. 2013 இறுதிக்குள் வேலை முடிந்தது. காற்று வீணாவது பெரும்பாலும் நின்றது. (சோசலிசம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் மாநிலத்தில் இது நடந்தது என்பதை நினைத்து இன்றும் சிரிப்பேன்.)

நில உடைமையின் கதையும் இங்கே முக்கியம். டெக்சஸில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியில் உள்ள கனிம உரிமை வேறொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். தாத்தா காலத்தில் கனிம உரிமையை விற்றுவிட்ட குடும்பம், தன் நிலத்தில் எண்ணெய் எடுக்கப்படுவதை வேடிக்கைதான் பார்க்க முடியும். காற்று அப்படியல்ல, அது மேற்பரப்புக்காரருடையது. ராயல்டி (உரிமைப் பங்குத்தொகை) என்ற சொல்லோடு ஏற்கெனவே பழகிய ஊர்களுக்குக் காற்றாலைக் குத்தகை அந்நியமாகப் படவில்லை. 2009-இல் முடிந்தபோது உலகிலேயே பெரியதாக இருந்த ராஸ்கோ காற்றாலைத் தொகுதியின் 627 எந்திரங்கள், மழையை நம்பிப் பருத்தி பயிரிட்ட விவசாயிகளின் நிலங்களில்தான் நிற்கின்றன. பள்ளிகளும் கவுண்டி (மாவட்டம் போன்ற அமைப்பு) அரசும் சொத்துவரியில் நடக்கும் நாட்டில், ஒவ்வொரு கோபுரமும் வகுப்பறைக்கு வருமானம்.

இந்த வேர் எவ்வளவு ஆழம் என்பது பின்னால் தெரிந்தது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மின்தொகுப்பு சரிந்து, அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். ஆளுநர் கிரெக் அபட் தொலைக்காட்சியில் தோன்றிக் காற்றையும் சூரியனையும் குற்றம் சாட்டினார். ஆனால் கூட்டரசின் விசாரணையில், செயலிழந்த மின் உற்பத்தி அலகுகளில் 58 விழுக்காடு எரிவாயுவில் இயங்குபவை, 27 விழுக்காடு காற்றாலைகள் என்று தெரியவந்தது. காற்றாலைகளும் உறைந்தன, அதை மறைக்கத் தேவையில்லை. பழியை மட்டும் அவற்றின் தலையில் கட்டியதுதான் அநியாயம். 2023-இல் எரிவாயு நிலையங்களுக்குக் குறைந்த வட்டிக் கடன் தர வாக்காளர் ஒப்புதலுடன் நிதியம் அமைந்தது. விண்ணப்பித்த நிறுவனங்கள் பலவும் பிறகு விலகிக்கொண்டன. 2025-இல் காற்று, சூரிய மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று மசோதாக்கள் மாநிலச் செனட்டில் நிறைவேறி, பிரதிநிதிகள் சபையில் முடங்கின. இரு அவைகளிலும் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்குத்தான்.

ஆகவே, எதிர்ப்பு அரசியல் கட்டிமுடித்ததை அசைக்காது என்று நம்புகிறேன். கட்டப்படவேண்டியதைத்தான் அது கெடுக்கும். தனியார் நிலத்தில் பெரும்பாலும் விவசாயியின் ஒப்புதலே முக்கியம்; கடலில் கூட்டரசின் கையெழுத்து வேண்டும். ரோட் ஐலண்ட் கரைக்கு அப்பால் 80 விழுக்காடு முடிந்திருந்த ரெவல்யூஷன் விண்ட் திட்டத்தை 2025 ஆகஸ்டில் ஒரே ஆணையில் நிறுத்த முடிந்தது. ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் வேலையைத் தொடர அனுமதித்தது என்றாலும், அடுத்த கடல் காற்றாலைக்குக் கடன் கொடுக்க உட்காரும் வங்கியாளர் அந்த மாதத்தை மறக்கப்போவதில்லை. டெக்சஸ் கம்பிகளைப் போன்றவற்றை இன்னொரு மாநிலம் இன்று திட்டமிடத் துணியாமல் போனால், அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் இப்போதைக்குத் தெரியாது.

டெக்சஸோ மறுபடியும் கம்பி போடத் தொடங்கியிருக்கிறது. மேற்கே பெர்மியன் படுகைக்கு, மாநிலம் இதுவரை கண்டிராத 765 கிலோவோல்ட் மின்பாதைகளை அமைக்க 2025 ஏப்ரலில் அதன் மின் ஆணையம் ஒப்புதல் அளித்தது. இதற்கு முக்கியக் காரணம், எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வயல்களில் டீசலையும் எரிவாயுவையும் எரிப்பதற்குப் பதிலாக மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருப்பதுதான். அந்தப் பாதைகள் முடிந்தபின் காற்று பலமாக வீசும் ஓர் இரவில், மிட்லண்ட் பக்கத்து எண்ணெய்க் கிணற்றில் தலையாட்டிக்கொண்டிருக்கும் பம்பு ஓடுவதில் பெரும்பங்கு காற்றாலை மின்சாரமாகவே இருக்கும்.