ரேஷன் கடை க்யூவாம்!

டெல்லியில் நம் குழு நடத்திய ஞாயிற்றுக்கிழமை விழாவின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேச்சாளர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. "ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தலைமை என்ன பெரிய கிரீடமா? ரேஷன் கடை க்யூ மாதிரிதான். நின்றால் நம்ம முறை வரும்" என்றார். ஆர்.கே.புரம் அரங்கமே கைதட்டியது.

சரி, க்யூ என்றே வைத்துக்கொள்வோம். அதில் நிற்க முதலில் இடம் கிடைக்க வேண்டுமே ஐயா! நிரந்தர உறுப்பினர் ஐந்து பேர் போக, மற்றவர்கள் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கினால்தான் உள்ளே நுழைய முடியும். 1996இல் இந்தியா போட்டியிட்டது. ஜப்பானுக்கு 142 ஓட்டு, நமக்கு 40. அப்புறம் 2011இல்தான் மறுபடி உள்ளே கால் வைத்தோம். 2020இல் 192இல் 184 ஓட்டு விழுந்தது என்றால், அதற்கு முந்தைய வருடமே ஆசிய பசிபிக் நாடுகள் 55ஐயும் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார்கள்.

உள்ளே போனபின் ஆங்கில அகரவரிசைப்படி மாதத்துக்கு ஒரு நாடு தலைமை. அது தானாக வருவதுதான், மறுக்கவில்லை. வேலையும் தானாக நடந்துவிடுமா? மாதம் பிறக்கும் முன்பே மற்ற 14 நாடுகளிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். எந்த நாளில் எந்தப் பிரச்சினை என்று நிரல் போட வேண்டும். நாமே ஒரு விவாதம் நடத்துவதென்றால் அதற்கொரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட வேண்டும். கவுன்சில் சார்பில் தலைவர் அறிக்கை வெளியிட 15 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் முகம் சுளித்தாலும் போச்சு. 2021 ஆகஸ்டில் நம் முறை வந்தபோது ஐ.நா.வில் நம் தூதர் திருமூர்த்தி. கடல் பாதுகாப்பு பற்றிய அந்த மாத அறிக்கையில் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தமும் இடம்பெற்றது, சீனாவும் தலையாட்டியது. இதெல்லாம் க்யூவில் நின்று வாங்கி வந்த சர்க்கரையா? அதே மாதம் 15ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் காபூல் தாலிபான் கையில் விழுந்தது. மறுநாளே அவசரக் கூட்டம். 30ஆம் தேதி ஆப்கானிஸ்தான் பற்றிய 2593ஆம் தீர்மானம்: 13 நாடுகள் ஆதரவு, ரஷ்யாவும் சீனாவும் ஒதுங்கிக்கொண்டன. இத்தனையையும் யாரோ உட்கார்ந்து எழுதினார்கள், திருத்தினார்கள், மறுபடி எழுதினார்கள்.

உடனே "மோடிக்கு ஜால்ரா போடுகிறாயா" என்று கிளம்பிவிடாதீர்கள். 1983 மார்ச்சில் அணிசேரா நாடுகள் (அமெரிக்கா, சோவியத் என எந்தப் பக்கமும் சேராதவை) மாநாடு டெல்லியில் நடந்ததே, அப்போது பிரதமர் யார்? பாக்தாதில் நடக்க வேண்டிய மாநாடு, ஈரான் ஈராக் போரால் இங்கே வந்து விழுந்தது. கையில் சில மாதம்தான், வரப்போவதோ ஏறக்குறைய நூறு நாடு. அப்பா அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. மாநாட்டுத் தாள்களைப் பிரதி எடுக்க விடிய விடிய ஸ்டென்சில் (மெழுகுத்தாள்) அடிப்பார். ஓர் எழுத்து தப்பினால் சிவப்பு கரெக்‌ஷன் ஃப்ளூயிடைத் தடவி, வாயால் ஊதி, காய்ந்தபின் அதே இடத்தில் சரியாக அடிக்க வேண்டும். ஏதோ ஒரு நாடு ஒரு பாராவையே மாற்றச் சொல்லிவிட்டால் மொத்தமும் புதிதாக அடிக்க வேண்டும். காலையில் சட்டைக் கையெல்லாம் சைக்ளோஸ்டைல் என்ற பிரதி எடுக்கும் இயந்திரத்தின் மையோடு வருவார், அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மாநாட்டுக்கு அவருக்கு பாஸ் தரவில்லை. மாநாடு நடந்த விஞ்ஞான் பவனில் கியூபா தலைவர் காஸ்ட்ரோ இந்திரா காந்தியைக் கட்டிப்பிடித்ததைப் பக்கத்து வீட்டு டிவியில்தான் பார்த்தார்.

"2023 டெல்லி ஜி20 மாநாட்டுக்குக் குடிசைகளைப் பச்சைத் துணி போட்டு மறைத்தார்களே, அதுதான் உங்கள் தயாரிப்பா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆமாம், மறைத்தார்கள், வெட்கக்கேடுதான். குரங்குகளை விரட்ட, அவை பயப்படும் லங்கூர் குரங்கின் கட்-அவுட்டும் வைத்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் துணி கட்டச் சொன்ன ஆளும் ராத்திரி கண்விழித்துத் தாள் தயாரித்த ஆளும் ஒன்றா? ஜி20 நடந்த பாரத் மண்டபத்து வாசலில் நிற்கும் நடராஜர் சுவாமிமலையில் செய்தது என்று அதே பேச்சாளர் அதே மேடையில் உருகி உருகிப் பேசினார். சிலை என்றால் தமிழன் பெருமை. டைப் அடித்த தமிழன் என்றால் ரேஷன் கடை!

அவருடைய விமான டிக்கெட், கரோல் பாக் ஓட்டல் அறை, வாசலில் கார், ஊளையிடாத மைக், இதெல்லாம் க்யூவில் நின்றா வந்தது? நம் பிள்ளைகள் அலுவலகத்துக்கு லீவு போட்டு ஓடினார்கள். மேடையில் ஒரு நன்றி சொன்னாரா?

"தமாஷுக்குச் சொன்னதைப் போய்ப் பெரிதாக்குகிறாயே" என்பவர்களுக்கு: அந்தக் காணொளியில் முன்வரிசையைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் என் அப்பா. 87 வயது. எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று அவரும் சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து "நல்லாத்தாம்மா பேசினார்" என்று வேறு சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

2028-29க்கும் இந்தியா போட்டியில் இருக்கிறது. இப்போதே எங்கேயோ ஓர் அறையில் யாரோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த விழாவில் அவர்களையும் கிண்டல் செய்ய ஆள் கூப்பிடுங்கள்.

அப்புறம், குழுவில் நான் போட்ட கமெண்டை நீக்கச் சொல்லி நிர்வாகிகள் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். நீக்க மாட்டேன். என்னை நீக்குவதானால் தாராளமாக நீக்குங்கள். மார்ச் வரை சந்தா கட்டியிருக்கிறேன், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.