மூணு சுடுகாடும் ஒரு மேற்கோளும்

போன மாதம் நண்பன் ஒருவன் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரை ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்கே போட்டிருந்தான். எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் பெயர் அதில் தப்பாக இருந்தது. "இதைப் படிச்சு நம்ம பிள்ளைக வெளங்கிரும்" என்று மேலே ஒரு வரி. இருநூற்றுச் சொச்சம் லைக், அறுபது கமெண்ட். தமிழ் இனி என்னாகும் என்று ஆளாளுக்கு ஒப்பாரி. நான் போய்க் கட்டுரையைத் திறந்தேன். தப்பு அப்படியே இருந்தது. அவன் போட்ட படத்திலேயே, மேல் ஓரத்தில், 'தொகு' என்ற பொத்தான் பளிச்சென்று தெரிகிறது. இருநூறு பேரில் ஒருத்தர் விரலும் அதன்மேல் படவில்லை.

நானும் தொடவில்லை. வேண்டுமென்றேதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எட்டு வருஷமாக அங்கே எழுதுகிறேன். எழுதுகிறேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம், பெரும்பாலும் பெருக்கிக் கூட்டுகிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்து வீட்டில் சீரியல் ஓடும்போது 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். யார் எந்தக் கட்டுரையில் எவ்வளவு சேர்த்தார், எவ்வளவு எடுத்தார் என்று வரிசையாக வரும். சேர்த்தது பச்சை, எடுத்தது சிவப்பு. ஒரு நடிகைக்கு ஆறு வயது குறைந்திருக்கும். ஒரு வட்டாரத் தலைவர் பெயருக்கு முன்னால் 'மக்கள் நாயகன்' ஏறியிருக்கும். பள்ளிக்கூடப் பையன் எவனோ நியூட்டன் கட்டுரைக்குள் தன் பெயரையும் ஒரு பெண் பெயரையும் எழுதி நடுவில் இதயம் போட்டிருப்பான். எல்லாவற்றுக்கும் பழைய பதிப்பு வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். ஒரு கிளிக்கில் மீட்டுவிடலாம். அந்தப் பையனை மட்டும் நான் எச்சரிப்பதில்லை. பழகிப் பார்ப்பதற்கென்றே 'மணல்தொட்டி' என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே போய் விளையாடு தம்பி என்று குறிப்பு வைப்பேன். இதுவரை ஒருத்தனும் வந்ததில்லை. ஆனாலும் வைப்பேன்.

நானே அப்படி வந்தவன்தான். முதல் கட்டுரை எங்கள் ஊர்க் கோயில் பற்றி. கும்பாபிஷேக மலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்து ஏற்றினேன். மறுநாள் காலையில் கட்டுரை இல்லை. எப்படிக் கொதித்தது தெரியுமா? இரண்டு ராத்திரி உட்கார்ந்து அடித்தது. என் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் எழுதி வைத்திருந்தார். ஆர்வத்துக்கு நன்றி, மலரில் உள்ளதை அப்படியே படியெடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வரும், உங்கள் சொற்களில் சுருக்கமாக எழுதுங்கள், உதவி வேண்டுமென்றால் கேளுங்கள் என்று. நான் நாலு வரி திட்டிப் பதில் எழுதினேன். அதற்கும் பொறுமையாகப் பதில் வந்தது. கூடவே, எழுதி முடித்ததும் நாலு அலைக்குறி (~) போடுங்கள், பெயரும் நேரமும் கையொப்பமாக வந்துவிடும் என்று ஒரு யோசனை. திட்டியவனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுக்கிறார் மனுஷன்!

அவர் இலங்கைக்காரர். அது தெரியாமல் அவர் எழுதிய கட்டுரைகளில் 'திகதி' என்று இருந்ததையெல்லாம் எழுத்துப்பிழை என்று நினைத்து 'தேதி' ஆக்கினேன். ஏழு கட்டுரை. "இது பிழையன்று, நாங்கள் இப்படித்தான் எழுதுவோம்" என்று ஒரே ஒரு வரி வந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஐம்பது வயதை எட்டும்போதுதான், நான் பேசுவது தமிழில் ஒரு பக்கம் மட்டும் என்று புரிந்தது.

கூட்டாக எழுதுவது என்றால் இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பத்துப் பேர் சேர்ந்து பத்துப் பத்தி எழுதுவது பெரிய விஷயமே கிடையாது. ஒரு சொல்லுக்காக மூன்று நாட்டுக்காரர்கள் மல்லுக்கட்டிவிட்டு, மறுநாள் அதே மூன்று பேரும் வேறொரு கட்டுரையில் ஒருத்தர் விட்ட புள்ளியை இன்னொருத்தர் வைப்பதுதான் விஷயம். ஜப்பானா, சப்பானா, யப்பானா? டொராண்டோவா, ரொறன்ரோவா? கிரந்த எழுத்தை விடுவதா, வைத்துக்கொள்வதா? இந்தச் சண்டைகள் நடக்கிற பொது இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்தவருக்கு ஒரு மாலை போடலாம். நான் கையால் எழுதும்போது ஜனவரிதான். அங்கே முதற்பக்கத்தில் சனவரி, சூலை. எனக்கு அதில் இன்றுவரை உடன்பாடில்லை, ஆனால் ஒவ்வொரு கட்டுரையாகப் போய் மாற்றிக்கொண்டிருப்பதில்லை. எந்த எழுத்தில் தேடினாலும் ஒரே பக்கத்தில் கொண்டுபோய் விடுகிற 'வழிமாற்று' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாதிச் சண்டை அதிலேயே ஆறிவிடும்.

தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கமே அப்படித்தான். 2003 செப்டம்பரில் தமிழுக்கு ஒரு முதற்பக்கம் திறந்து கிடந்தது. அந்த நவம்பரில் இ. மயூரநாதன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக்கலைஞர், அபுதாபியில் வேலை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் தனியாளாக எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். 2017 மே மாதம் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. ஒரு பைசா சம்பளம் யாருக்கும் கிடையாது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் எங்கள் ஊர் நூலகத்தில் உண்டு, எனக்கு அதன்மேல் தனி மரியாதை. ஆனால் அதில் ஒரு தப்பு அச்சாகிவிட்டால் அச்சானதுதான்.

சரி, சுடுகாட்டுக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேல் ஊராட்சிகள். அரசுத் தரவை எடுத்து ஊராட்சிக்கு ஒரு பக்கம் என்று தானியங்கி, அதாவது தானாகவே பக்கம் எழுதுகிற நிரல், வைத்து உருவாக்கியிருக்கிறார்கள். உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள், அநேகமாக இருக்கும். எந்த ஒன்றியம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, 2011 கணக்கெடுப்பில் எத்தனை பேர் என்று தொடங்கி, கீழே ஒரு அட்டவணை: குடிநீர் இணைப்புகள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், ஊரணிகள் அல்லது குளங்கள், கடைசியில் சுடுகாடுகள் அல்லது இடுகாடுகள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்தக் கடைசி வரிசைக்கு நேரே 3 என்று இருந்தது. மற்ற எண்களை எல்லாம் தாண்டி அந்த மூணில் கண் நின்றுவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊருக்கு எதற்கு மூணு? ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எந்தத் தெருப் பிணம் எந்தப் பாதையில் போகக் கூடாது என்பது வரைக்கும் சொல்லும். நான் அதை எழுதினேன். இரண்டு வரிதான், நிதானமாக. 'மேற்கோள் தேவை', அதாவது எந்த நூலில், எந்தச் செய்தியில் இருக்கிறது என்று ஆதாரம் காட்டு என்று, ஒரு குறிப்பு ஏறியது. ஒரு மாதம் தேடினேன். ஒரு புத்தகமோ ஒரு பத்திரிகைச் செய்தியோ கிடைக்கவில்லை. எழுதின கையாலேயே எடுத்துவிட்டேன். 3 மட்டும் இப்போதும் நிற்கிறது.

மேற்கோள் இல்லாததை வைக்கக் கூடாது என்கிற அந்த விதியை அன்றைக்கு வெறுத்தேன். ஆனால் அதே விதிதான், எங்கள் வட்டாரத்து மன்னர் ஒருவரைத் தங்கள் ஆளாக்க வருகிற மூன்று சாதிக்காரர்களையும் வாசலிலேயே நிறுத்துகிறது. மாதம் ஒரு தடவையாவது வருவார்கள். புகுபதிகை செய்யாமல் வந்து ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டுப் போவார்கள். மீட்டால் திரும்ப மாற்றுவார்கள். இரண்டு பேர் எதிரெதிராக மாற்ற ஆரம்பித்தால் தொகுப்புப் போர். நிருவாகி வந்து கட்டுரையைப் பூட்டுவார். "நீ எந்தச் சாதி?" என்று என் பேச்சுப் பக்கத்தில் இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். "கல்வெட்டு என்ன சொல்கிறது, எந்த நூல், எந்தப் பக்கம்?" என்று திருப்பிக் கேட்பேன். பதில் வராது. எனக்குத் தெரிந்த உண்மைக்கு மேற்கோள் இல்லை, அவர்கள் சொல்கிற பெருமைக்கும் இல்லை. ஒன்றுக்குக் கதவைத் திறந்தால் இரண்டும் நுழையும். வலிக்கிறது, ஆனால் இதற்கு எனக்கு மாற்று தெரியவில்லை.

மேற்கோள் பஞ்சம் தமிழ்நாட்டுக் கட்டுரைகளில்தான் எனக்கு அதிகம் உறைக்கிறது. ஈழத்து எழுத்தாளர், பத்திரிகை, பள்ளிக்கூடம் பற்றி எழுதினால் 'நூலகம்' என்கிற இணையதளத்தில் பழைய மலர், சஞ்சிகை ஏதாவது ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள். எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் நினைவோடு இருப்பவர்கள், காகிதத்தின் அருமை தெரிந்தவர்கள். நாம் கும்பாபிஷேக மலரைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுகிறோம்.

இன்னொரு வயிற்றெரிச்சல், மொழிபெயர்ப்பு. 2009 வாக்கில் கூகுள் ஆள் வைத்துத் தன் மொழிபெயர்ப்புக் கருவி மூலம் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் கொண்டுவந்து ஏற்றியது. நீளம் நீளமான கட்டுரைகள். ஒரு வாக்கியத்தை மூன்று தரம் படித்தாலும் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று பிடிபடாது. தமிழ் விக்கிக்காரர்கள் பொறுமையாக உட்கார்ந்து குறைகளைப் பட்டியலிட்டு, 2010-ல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் வைத்தார்கள். அந்தக் கட்டுரைகளைத் தனிப் பகுப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள், இன்னும் சீர்திருத்தி முடியவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவில் அடித்து ஒட்டுகிற காலம். எழுத்துப்பிழை இருக்காது, வாக்கியம் வழவழவென்று போகும், கொடுத்திருக்கிற மேற்கோளைத் தேடிப் போனால் அப்படி ஒரு நூலே இருக்காது. பழைய குப்பையைக் கண்ணால் பார்த்தே பெருக்கலாம், இது தரை மாதிரியே இருக்கிறது.

போட்டிகள் வேறு. இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கு இடையே நடந்த வேங்கைத் திட்டம் என்கிற கட்டுரைப் போட்டியில் 2018-ல் தமிழ் இரண்டாம் இடம், அடுத்த கட்டத்தில் முதலிடம். சந்தோஷப்பட்டேன், நானும் எழுதினேன். ஆனால் எண்ணிக்கைக்கு ஓடி எழுதின கட்டுரைகளை அதற்கப்புறம் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தோம்? நானே பார்க்கவில்லை. பரிசை எனக்குக் கொடுக்கச் சொன்னால், பழைய கட்டுரையில் ஐம்பது மேற்கோள் சரிபார்த்தவருக்குத்தான் கொடுப்பேன்.

கண்மாய்க்கு வருகிறேன். நண்பனைக் கூப்பிட்டு, நீயே திருத்து என்றேன். நான் செய்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும், இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எப்படியும் வந்திருக்கும். முனகிக்கொண்டே கணக்கு தொடங்கித் திருத்தினான். தொகுப்புச் சுருக்கத்தில் "நான் இந்த ஊர்க்காரன், இதுதான் சரி" என்று எழுதியிருக்கிறான். இருபது நிமிஷத்தில் யாரோ மீட்டுவிட்டு, ஆதாரம் கேட்டிருந்தார்கள்.

ராத்திரி பதினொன்றரைக்குப் போன். "எவன்டா அவன்? நான் நீச்சல் பழகின கண்மாய்டா அது."

பேச்சுப் பக்கத்தில் கேளு என்றேன். மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கே போயிருக்கிறான், அங்கே நட்டிருக்கிற பலகையைப் படம் எடுக்க. பலகையிலும் அதே தப்பு. விக்கிப்பீடியாவுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் ஆள் மாறிவிட்டான். தாத்தா காலத்து நிலப் பத்திரத்தில் 'தெற்கே இன்ன கண்மாய்' என்று எல்லை எழுதியிருக்கிறதாம், பெயர் சரியாக இருக்கிறதாம், அது மேற்கோள் ஆகுமா என்று கேட்டான். வீட்டுப் பீரோவில் இருக்கிற காகிதம் கஷ்டம், ஆலமரத்தடியில் கேட்டுப் பார், பழைய மாவட்டக் கையேடு எதிலாவது இருக்கிறதா என்று யாராவது சொல்வார்கள் என்றேன்.

இன்று காலை பார்த்தேன். கேட்டிருக்கிறான், நீளமாக. கையொப்பம் போட மறந்துவிட்டான்.