வாசலோடு நின்றுவிடும் வைஃபை

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு இணையம் பொருத்த வந்தவர்கள், ஃபைபர் கம்பி நுழையும் வாசற்கதவு ஓரத்திலேயே ரௌட்டரையும் வைத்து, கைப்பேசியில் ஒருமுறை வேகத்தைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னறையில் உள்ள மூன்று கணினிகளுக்கும் அதற்கும் நடுவே இரண்டு கான்கிரீட் சுவர்கள் நிற்பதை யாரும் பொருட்படுத்தவே இல்லை. ரௌட்டர் அனுப்பும் இருவகை வைஃபை அலைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு தாண்டும் என்றாலும், அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைத் தடங்கள், 1, 6, 11 என மூன்றே என்பதால், மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லாம் அதிலேயே முட்டிமோதுகின்றன. மகளின் இணைய வகுப்பில் ஆசிரியரின் முகம் பாதிப் பேச்சில் உறைந்து நிற்கும்போது வயிறு எரிகிறது. ரௌட்டரிலிருந்து பின்னறை வரை ஒரு லேன் கம்பியை இழுத்து, அங்கே வைஃபையைப் பரப்பும் ஓர் அக்சஸ் பாயிண்ட் கருவியை வைத்தாலே தீரக்கூடிய இந்தக் குறையைச் சொன்னால், அது தங்கள் வேலையல்ல என்று கைவிரிக்கிறார்கள்.