களமும் இரைப்பையும் ஒரே இழையத்தால் ஆனவை அல்ல

உணவை இரைப்பைக்குக் கொண்டுசெல்லும் குழாயான களத்தின் உட்சுவரும் இரைப்பையின் உட்சுவரும் ஒரே இழையம் (திசு)தான், ஆகவே நெஞ்செரிவு எத்தனை ஆண்டு நீடித்தாலும் களத்துக்குக் கேடில்லை என ஒருவர் எழுதியிருப்பது தவறு. அதை நம்பி யாரும் வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிக்கையில், சாயமூட்டிய களத் துண்டத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து முதலில் மேற்பரப்பையே பார்க்கச் சொல்வேன். அடியில் நெருங்கி நிற்கும் சிறிய கலங்கள் (செல்கள்), மேலே வரவரத் தட்டையாகி, தோலின் மேற்படையைப் போலன்றிக் கடைசி வரை கருவை இழக்காமல் அடுக்கடுக்காகக் கிடக்கும். பொரிவிளாங்காயைச் சரியாக மெல்லாமல் விழுங்கினாலும் மேற்கலங்கள் சிலவே உதிரும். அடியிலிருந்து புதியவை ஈடுசெய்யும். படைகொண்ட செதில் மேலணி எனப்படும் இந்த அடுக்குக் கலப்போர்வை உராய்வைத் தாங்குவதற்கானது, அமிலத்துக்கானதன்று.

இரைப்பை தொடங்கும் இடத்தில் அது சட்டென முடிந்து, தூண்போன்ற கலங்கள் ஒரே வரிசையாக நிற்கும் ஒற்றைப்படைக் கம்ப மேலணி தொடங்குகிறது. உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் அகநோக்கியில் வெளிறிய நிறமும் செம்மையும் சந்திக்கும் நெளிந்த கோடாகவே அந்த எல்லை தெரியும். இரைப்பையிலுள்ள கலங்கள் சுரக்கும் தடித்த, வழுவழுப்பான சீதமும் அமிலத்தை நடுநிலையாக்கும் இருகாபனேற்றும் அமிலத்தைத் தடுக்கின்றன. களத்திலும் சீதச் சுரப்பிகள் உண்டு, ஆனால் அவை தரும் காப்பு மிகக் குறைவு.

நெஞ்செரிவை உண்டாக்கும் இரைப்பை அமிலம் நெடுங்காலம் களத்துக்குள் மேலேறினால், சிலருக்குச் செதில் மேலணியின் இடத்தைக் குடலில் உள்ளதைப் போன்ற, கிண்ணவடிவக் கலங்கள் கொண்ட கம்ப மேலணி பிடித்துக்கொள்ளும். பரட்டின் களம் எனப்படும் இம்மாற்றம் பெரும்பாலோரில் புற்றுநோயாவதில்லை. ஆயினும் அதற்கான வாய்ப்பைக் கூட்டுவதால், நீடித்த நெஞ்செரிவோடு விழுங்கவும் சிரமப்படுபவர் தாமதியாமல் வைத்தியரைக் காண வேண்டும்.