கேக்கறவன் அட்ரஸ் மட்டும் ரகசியம் இல்ல

ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம் பத்தி பேச்சு வந்தாலே மனு எப்படி எழுதறது, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எங்க ஒட்டறது, 30 நாள்ல பதில் வரலன்னா யாருக்கு அப்பீல் போடறது, இதையேதான் சுத்தி சுத்தி பேசறோம். ஆனா அந்த 2005 சட்டத்தை எடுத்து வச்சு படிச்சீங்கன்னா மனு பத்தி சொல்ற 6ம் பிரிவுக்கு முன்னாடியே 4ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. யாரும் கேக்காமலே ஒவ்வொரு ஆபீஸும் தானாவே வெளியிடணும்னு 17 விஷயத்தை அதுல அடுக்கியிருக்காங்க. பட்ஜெட், செலவு, யார் யாருக்கு மானியம் போச்சு, யாருக்கு பெர்மிட் குடுத்தாங்க, அந்த ஆபீஸ்ல இருக்கற ஒவ்வொருத்தரும் மாசம் என்ன சம்பளம் வாங்கறாங்க, இது வரைக்கும். 120 நாளுக்குள்ள போட்டு முடிச்சிருக்கணும், அதாவது 2005 அக்டோபரோட கணக்கு முடிஞ்சிருக்கணும். ஏன் இப்படின்னும் அதுலயே சொல்லியிருக்காங்க, ஜனங்க இந்த சட்டத்தை வச்சு மனு போட வேண்டிய அவசியமே முடிஞ்ச அளவு வரக்கூடாதுன்னுதான். நாம என்னடான்னா 20 வருஷமா மனு போடறதையே ஒரு வீர சாகசமா ஆக்கி வச்சிருக்கோம்.

நடைமுறையில அந்த 4ம் பிரிவு எப்படி இருக்குன்னா, வெப்சைட்ல ஒரு ஓரத்துல பழைய பிடிஎஃப் ஒண்ணு தொங்கும், திறந்தா எப்பவோ டிரான்ஸ்ஃபர் ஆகிப் போன ஆபீசர் பேர் இருக்கும், பாதி பக்கம் ஸ்கேன் பண்ணது சாஞ்சு இருக்கும். அவ்வளவுதான் வெளிப்படைத்தன்மை.

எங்க தெருக் கதையை சொல்றேன், ஊர் பேர் வேண்டாம். சிமென்ட் ரோடு போட்டாங்க, அடுத்த மழைக்கே ஜல்லி பல்லைக் காட்டுச்சு. சரின்னு எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம் புக் மூணுக்கும் நகல் கேட்டு மனு போட்டேன். எம் புக்னா தெரியாதவங்களுக்கு: வேலை முடிஞ்சதும் இன்ஜினியர் வந்து நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, கனம் எவ்வளவுன்னு அளந்து எழுதி கையெழுத்து போடற நோட்டு. அதுல இருக்கற அளவை வச்சுதான் பில் பாஸ் ஆகும். ரோடு நம்ம கண்ணு முன்னாடி கிடக்கு, டேப் வச்சு நாமளே அளந்துடலாம், அந்த நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சா போதும், மொத்த கதையும் வெளிய வந்துடும். அதனாலதான் எம் புக் மட்டும் லேசுல கைக்கு வராது. எனக்கு வந்த பதில், "தாங்கள் கோரிய தகவல் மூன்றாம் நபர் தொடர்புடையது என்பதால் வழங்க இயலாது." ஜனங்க பணத்துல ஜனங்க தெருவுல போட்ட ரோடுக்கு கான்ட்ராக்டர் மூணாம் நபராம், அப்ப நான் யாரு, நாலாம் நபரா?

அதுகூட பரவாயில்ல. அந்த பதில் தபால்ல வர்றதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு போன். "சார் வணக்கம், என்ன சார் நம்ம வேலையில குறை, மனுவெல்லாம் எதுக்கு சார், நேர்ல உக்காந்து பேசிக்கலாமே, வீடு அந்த பிள்ளையார் கோயில் பக்கத்துலதானே." ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். நம்பரும் அட்ரஸும் நான் எழுதிக் குடுத்த ஒரே இடம் அந்த மனு. எங்கம்மா ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல, "உனக்கு எதுக்குடா ஊர் வம்பு"ன்னு ஒரே புலம்பல். அம்மா பயத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். 2010ல புனே பக்கம் நில மோசடியை ஆர்டிஐ வச்சு தோண்டின சதீஷ் ஷெட்டியை வெட்டிக் கொன்னாங்க, அதே வருஷம் கிர் காட்டுப் பக்கம் சட்டவிரோத குவாரியை எதிர்த்த அமித் ஜேத்வாவை அகமதாபாத்ல ஹைகோர்ட் பக்கத்துலயே சுட்டுக் கொன்னாங்க. மனுதாரர் முழு அட்ரஸ் குடுக்கணும்னு அவசியம் இல்ல, போஸ்ட் பாக்ஸ் நம்பர் இருந்தாலே போதும்னு 2013ல கல்கத்தா ஹைகோர்ட் சொன்னது இந்த பயத்தை மனசுல வச்சுத்தான். ஆனா நம்ம ஊர்ல எத்தனை பேர் போஸ்ட் பாக்ஸ் வச்சிருக்கோம் சொல்லுங்க.

இந்த கடுப்போட இதையும் சேர்த்து பாருங்க. முன்னாடி ஆர்டிஐ சட்டத்துல 8(1)(ஜெ)ன்னு ஒரு விதிவிலக்கு இருந்துச்சு. ஒருத்தரோட தனிப்பட்ட தகவல், அதுக்கும் பொது வேலைக்கும் சம்பந்தமே இல்லன்னா, இல்ல அவரோட அந்தரங்கத்துல தேவையில்லாம தலையிடற மாதிரி இருந்தா, தர வேண்டாம், பொதுநலன் பெரிசுன்னா தரலாம்னு. நியாயமான வரி. ஜிஹெச்ல யாருக்கு என்ன வியாதின்னு நான் எதுக்கு கேக்கணும்? அதோட, பார்லிமென்ட்டுக்கோ சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலை சாதாரண ஆளுக்கும் மறுக்கக்கூடாதுன்னு ஒரு அழகான வாக்கியமும் இருந்துச்சு. 2023ல டேட்டா பாதுகாப்புச் சட்டம்னு கொண்டு வந்து அது வழியா இது மொத்தத்தையும் வெட்டி, தனிப்பட்ட தகவலா, கிடையாது, அவ்வளவுதான்னு சுருக்கிட்டாங்க. 2025 நவம்பர்ல அமலுக்கும் வந்துடுச்சு. பொதுநலன் இருந்தா தரலாம்னு சொல்ற 8(2) இன்னும் இருக்கேன்னு அரசு தரப்புல சொல்றாங்க. இருக்கு, ஆனா அதை எடை போடப் போறது யாரு? எம் புக்கை மூணாம் நபர்னு சொன்ன அதே ஆபீசர்தானே.

இந்த சட்டம் எங்கிருந்து முளைச்சுதுன்னு யோசிச்சா இன்னும் வயித்தெரிச்சல். ராஜஸ்தான்ல அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் இவங்கல்லாம் 1990ல ஆரம்பிச்ச மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்ங்கற அமைப்பு, கூலி வேலை செஞ்ச ஜனங்களுக்காக கேட்டதே மஸ்டர் ரோலைத்தான், அதாவது யார் யார் எத்தனை நாள் வேலை செஞ்சாங்க, எவ்வளவு கூலி போச்சுன்னு இருக்கற பேர் லிஸ்ட். 1994 கடைசியில இருந்து ஊர் ஊரா பொது விசாரணை வச்சு அந்த பேரை சத்தமா படிச்சாங்க. செத்துப்போன ஆள் பேர்ல கூலி, ஊர்லயே இல்லாத ஆள் பேர்ல கூலி, எல்லாம் கூட்டத்துல வெளிய வந்துச்சு. பேர் தனிப்பட்ட தகவல்னு அன்னிக்கு ஒருத்தன் சொல்லியிருந்தா இந்த சட்டமே பொறந்திருக்காது. 1996ல பியாவர்ல 40 நாள் தர்ணா உக்காந்து வாங்கினது இது. (நம்ம தமிழ்நாடுதான் நாட்டுலயே முதல்ல 1997ல தகவல் சட்டம் போட்ட மாநிலம், ஆனா அதுல விதிவிலக்கு லிஸ்ட்டே ஒரு முழம், அதனால பெருமையை கொஞ்சம் அளவா பட்டுக்கலாம்.)

அதே ராஜஸ்தான்ல 2019ல ஜன் சூச்னா போர்ட்டல்னு ஒண்ணு திறந்தாங்க. எந்த ரேஷன் கடையில யாருக்கு எவ்வளவு போச்சுங்கற மாதிரி விஷயத்தை மனு, ஸ்டாம்ப் எதுவும் இல்லாம பாக்கலாம். குறை இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா பண்ண முடியும்னு தெரியுதுல்ல.

"ஆர்டிஐ போட்டு பிளாக்மெயில் பண்றானுங்க சார்"னு உடனே ஒருத்தர் வருவார். பண்றவங்க இருக்காங்க, எனக்கே தெரியும். மனு போட்டுட்டு கான்ட்ராக்டர்கிட்ட காசு வாங்கிட்டு மனுவை மறந்துடற ஆட்கள். ஆனா அந்த எம் புக் நகராட்சி வெப்சைட்லயே கிடந்தா அந்த ஆள் எதை வச்சு மிரட்டுவான்? ஒளிச்சு வச்சாத்தானே அதுக்கு ரேட். பி.ஐ.ஓ., அதாவது மனுவுக்கு பதில் சொல்ற பொது தகவல் அலுவலர், தகவல் தரலன்னா நாளைக்கு 250, அதிகபட்சம் 25,000 அபராதம்னு சட்டத்துல இருக்கு, ஆனா 4ம் பிரிவுப்படி வெளியிடவே இல்லன்னா இந்த மாதிரி நேரடி அபராதம் எதுவும் கிடையாது, அதனால அதை யாரும் சீண்டறதே இல்ல.

என் முதல் மேல்முறையீடு தள்ளுபடி, ரெண்டாவது தகவல் ஆணையத்துல கிடக்கு. இந்த தடவை நகலே கேக்கப் போறதில்ல. அதே சட்டத்தோட 2(ஜெ) பிரிவு படி ஆவணத்தை நேர்ல பாக்கலாம், குறிப்பெடுக்கலாம், நடந்த வேலையையே பாக்கலாம், போட்ட பொருள்ல சான்றளிச்ச மாதிரிகூட கேக்கலாம். அதனால ரோட்டுல இருந்து ஒரு துண்டு கேட்டு புது மனு எழுதியிருக்கேன். நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க, உங்க ஊர் நகராட்சியோ ஊராட்சி ஒன்றியமோ, அவங்க 4ம் பிரிவு பக்கத்தை திறந்து கடைசியா அப்டேட் ஆன தேதி என்னன்னு பாத்து கீழ போடுங்க. எங்க ஊர்ல தேதியே போடல.