பெரியம்மாவுக்குப் பாடமான உறுதி இலக்கம்

சென்ற வெள்ளிக்கிழமை இரவு என் தங்கையின் மகன் பரந்தன் சந்திக்கு இப்பால் மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டான். ஏ9 வீதியில் இருட்டில் படுத்திருந்த மாடு திடீரென்று எழும்பியிருக்கிறது. பின்னால் வந்த ஓட்டோக்காரர்தான் அவனைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனார். காலில் எட்டுத் தையல், தோளில் சிராய்ப்பு. கடவுள் புண்ணியம், அதோடு போயிற்று.

ஆனால் அந்த இரவு முழுக்க என் மனதை அரித்தது காயம் அல்ல. "தம்பி, வீட்டு நம்பரைச் சொல்லுங்கள்" என்று தாதி கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கைத்தொலைபேசியின் கண்ணாடி சிதறி, வெளிச்சமே வரவில்லை. அம்மாவின் நம்பர் தெரியாது. அப்பாவின் நம்பர் தெரியாது. இரத்த வகை தெரியாது. அடையாள அட்டை வீட்டில் வேறொரு காற்சட்டைப் பையில் கிடந்தது. இருபது வயது. ஆவர்த்தன அட்டவணையின் முதல் இருபது மூலகங்களை மூச்சுவிடாமல் சொல்லக்கூடிய பிள்ளை. கடைசியில் அந்த ஓட்டோக்காரர் ஊரின் பெயரையும் கோயிலையும் கேட்டுக்கொண்டு, இரவு ஒரு மணிக்கு வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடித்தார். அதுவரை என் தங்கை சோற்றை மூடிவைத்துவிட்டு, எடுக்காத நம்பருக்குத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தாள்.

வன்னியில் பிறந்த ஒரு பிள்ளைக்கு இது நடந்திருக்கக் கூடாது. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே பெரியம்மா இருக்கிறார்.

2008 ஐப்பசியில், இறுதிப் போரின்போது, பெரியம்மா குடும்பம் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, முள்ளிவாய்க்கால். அந்த வழியால் போன எல்லோரிடமும் ஒரு பை இருந்தது. தறப்பாள் துண்டில் சுற்றிய பைல்: பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பெர்மிட், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு. தலையணை போனாலும் அந்தப் பையை விடமாட்டார்கள். பெரியப்பா அந்தப் பையை நம்பவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிய மனிதர். காகிதம் எவ்வளவு லேசில் நனையும், எரியும் என்று அவருக்குத் தெரியும். இரவில் பங்கருக்குள் இருக்கும்போது எல்லோருக்கும் ஒவ்வொன்றைப் பிரித்துக் கொடுத்தார். பெரியம்மாவுக்கு வீட்டுக் காணியின் உறுதி: இலக்கம், எழுதிய நொத்தாரிசின் முழுப்பெயர், 1978 ஆவணி 14 என்ற திகதி. மூத்தவனுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் இருந்த வயல் காணியின் பெர்மிட் இலக்கம். மகளுக்கு எல்லோருடைய அடையாள அட்டை இலக்கங்களும். சின்னவனுக்கு வங்கிப் புத்தக இலக்கம். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. கனடாவில் இருந்த மாமாவின் தொலைபேசி இலக்கம் மட்டும் ஐந்து பேருக்கும் பொது. தினமும் இரவில் ஒப்புவிக்க வேண்டும், வாய்ப்பாடு சொல்வதுபோல. வெளியே ஷெல் விழுந்தாலும் நிறுத்தவிட மாட்டார். பிழைவிட்டால் முதலிலிருந்து.

பை எங்கே போனது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல்தான் இருந்தது என்கிறார் பெரியம்மா.

மகள் அதற்கு முன்பே காயப்பட்டு, பிரிந்து, வவுனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தாள். அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்க வந்த ஒருவரிடம் கெஞ்சி, கனடா மாமாவின் இலக்கத்தைச் சொல்லி அடிக்க வைத்தாள். உயிரோடு இருக்கிறேன், இந்த இடத்தில் இருக்கிறேன் என்று அவள் சொன்னதை மாமா எழுதி வைத்தார். பல வாரங்கள் கழித்து மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து பெரியப்பாவும் அதே இலக்கத்துக்குச் செய்தி அனுப்பினார். இரண்டு நுனியையும் முடிச்சுப் போட்டது அந்த ஓர் இலக்கம். அது ஒருவருடைய பையிலோ, ஒருவருடைய போனிலோ மட்டும் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் இன்னும் எவ்வளவு காலம் தேடியிருக்குமோ என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

மீள்குடியேறிய பிறகு உறுதியின் பிரதி எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். உத்தியோகத்தர் பேனாவைத் திறப்பதற்குள் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். இலக்கம், நொத்தாரிசு, ஆண்டு, மாதம், திகதி, வடக்கு எல்லை, கிழக்கு எல்லை. அவர் எழுதி முடிக்கும்வரை மூன்று தடவை, ஒரு எழுத்து மாறாமல். எங்கள் ஒழுங்கையிலேயே உறுதி தொலைந்த இன்னொரு குடும்பம் இருக்கிறது. காணி யாருடையது என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த நொத்தாரிசு, எந்த ஆண்டு என்று தெரியாமல் பழைய பதிவேடுகளைப் புரட்டுவிக்கவே அவர்களுக்கு வருடக்கணக்கில் போனது.

"எல்லாம் போனில் இருக்கிறதே, எதற்குப் பாடமாக்க வேண்டும்?" என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் கோபப்படாமல் பதில் சொல்ல முயல்கிறேன், ஆனால் முடிவதில்லை. போனில் இருப்பதை எடுக்க போன் வேண்டும், சார்ஜ் வேண்டும், கடவுச்சொல் வேண்டும், கடவுச்சொல் மறந்தால் அந்தப் போனுக்கே வரும் குறுஞ்செய்தி வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள் மின்சாரம் நின்றால் இதில் எது மிஞ்சுகிறது?

எல்லாவற்றையும் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. மின்கட்டணக் கணக்கு இலக்கத்தைப் பாடமாக்கி என்ன செய்வது? அது பில்லில் இருக்கிறது, மறந்தால் ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான். மறந்தால் உயிரோ, உறவோ, காணியோ போகக்கூடியவை எவை என்று மட்டும் பார்த்தால் போதும்.

முதலாவது, இரண்டு தொலைபேசி இலக்கங்கள். ஒன்று வீட்டில் உள்ளவருடையது. மற்றது தூரத்தில் உள்ள ஒருவருடையது. ஊரில் ஏதாவது நடந்தால் ஊர்க்காரர் எல்லோருடைய போனும் சேர்ந்துதான் நின்றுபோகும், அதனால்தான். எங்கள் இலக்கங்கள் பத்து எண்கள். முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லாமல் மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்து, சட்டி கழுவும்போது வாய்விட்டுச் சொன்னால் மூன்று நாளில் ஏறிவிடும்.

அடையாள அட்டை இலக்கத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விடயம். பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, நீங்கள் பிறந்தது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; மாசிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கு. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 1960 மே 1இல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 31, 29, 31, 30, பிறகு 1, கூட்டினால் 122. ஐந்நூறைச் சேர்த்தால் 622. ஆகவே அவருடைய இலக்கம் 60622 என்று தொடங்கும். பாடமாக்க மிச்சம் இருப்பது நான்கு எண்கள்தான். 2016 முதல் வரும் 12 எண் இலக்கத்துக்கு மாற்ற, முன்னால் 19ஐப் போட்டு, பழைய முதல் ஐந்து எண்களுக்குப் பின்னால் ஒரு சுழியைச் சேர்த்து, கடைசி ஆங்கில எழுத்தை விட்டுவிட வேண்டும். இதை நான் மாமி ஒருவருக்கு விளங்கப்படுத்தியபோது, "அப்படியென்றால் இது என்னைப் பற்றித்தானே எழுதியிருக்கிறது" என்றார். அன்றைக்கே பாடமாக்கிவிட்டார்.

1990 என்ற அம்புலன்ஸ் இலக்கம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது 2018இல். இலக்கம் தெரிந்தாலும் அழைத்தபின் என்ன சொல்வது என்பதில்தான் எங்கள் ஆட்கள் தடுமாறுகிறார்கள். எங்கள் ஒழுங்கைகள் பலவற்றுக்குப் பெயர் இல்லை. "கிளிநொச்சியில், கோயிலடி" என்றால் எந்தக் கோயிலடி? 155ஆம் கட்டை என்று சொன்னால் கிளிநொச்சியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கண்டியிலிருந்து எண்ணிவந்த அந்தப் பழைய மைல் கணக்கு இன்னும் எங்கள் வாயில் இருக்கிறது. அதுபோல உங்கள் வீட்டுக்கு ஒரு வசனம் செய்து வையுங்கள்: பிரதான வீதியில் எந்தக் கட்டை அல்லது சந்தி, அங்கிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது ஒழுங்கை, வாசலில் என்ன மரம். வீட்டில் தனியாக இருக்கும் அம்மம்மாவுக்கும் அந்த வசனம் அப்படியே வரவேண்டும்.

பாம்பு கடித்தால் பாடமாக இருக்கவேண்டியது இன்னொன்று. கட்டுப்போடாதே, வெட்டாதே, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து வைத்தியசாலைக்குப் போ, கடித்த நேரத்தைப் பார். அந்த நேரத்தைத்தான் வைத்தியர் முதலில் கேட்பார். வயலுக்குப் போகும் வீட்டில் இதைத் தெரியாத ஒருவர் இருக்கக் கூடாது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் இதே தரத்தில் வருவது. "சின்ன வெள்ளைக் குளிசை, ஒரு பக்கம் கோடு" என்று கிளினிக்கில் சொல்லும் ஐயாமார் எத்தனை பேர்! குளிசையின் பெயரையும் அளவையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நாங்கள் ஏன் பத்து நிமிடம் செலவழிப்பதில்லை?

இதற்கு மறுதலையாக, தலையில் மட்டுமே இருக்கவேண்டியது வங்கி அட்டையின் இரகசிய இலக்கம். நான்கே நான்கு எண்கள். கொடுப்பனவு எடுக்க வரும் வயோதிபத் தாய்மார் அதை அட்டையின் உறையில் எழுதி, வரிசையில் நிற்கும் யாரோ ஒருவரிடம் அட்டையோடு கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. நிலம், குளம், விதை என்று அவர்களுக்கு எத்தனை கணக்கு மனப்பாடம்! இரணைமடு 36 அடி என்றும், இன்றைக்கு எத்தனை அடியில் நிற்கிறது என்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களால் நான்கு எண்களை வைத்திருக்க முடியாது என்று நான் ஒருபோதும் நம்பமாட்டேன். யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் உண்மை.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பில் கேட்டேன். பிதுருதலாகலையின் உயரம்? 2,524 மீற்றர் என்று பத்துக் கைகள். மகாவலியின் நீளம்? 335 கிலோமீற்றர், இன்னும் கூடுதலான கைகள். அம்மாவின் தொலைபேசி இலக்கம்? இருபத்தாறு பிள்ளைகளில் நான்கு கைகள். அதில் ஒன்று பிழை. பிள்ளைகளில் குற்றம் இல்லை. நாங்கள் அதை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது காலையில் இடாப்புக் கூப்பிடும்போது "உள்ளேன்" என்பதோடு அம்மாவின் இலக்கத்தையும் வந்து என் காதுக்குள் சொல்லவேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

பெரியப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்தது. பேச்சு குழறுகிறது, பிள்ளைகளின் பெயர்கள் மாறிப்போகின்றன. நேற்று தங்கையின் மகன் தடியூன்றிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனான். பெரியம்மா அவனை அருகில் இருத்தி, "அம்மாவின் நம்பரைச் சொல்" என்றார். எட்டு எண்கள்வரை சரியாக வந்தான், பிறகு நின்றுவிட்டான். சாய்மனைக் கதிரையில் கிடந்த பெரியப்பா கையை உயர்த்தி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். முதலிலிருந்து.